மிச்ச மருந்துக்கு இரண்டு சாட்சி

சுங்கை சிப்புட் பக்கம் மோட்டார் சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்ட சீனி அண்ணனை, ஈப்போவில் எங்கள் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். வலி எவ்வளவு என்று கேட்டேன். பத்துக்கு ஒன்பது என்றார்.

மார்ஃபின் எழுதினேன். சட்டப்படி அது அபாயகர மருந்து என்பதால் ஓர் ஊசி போடுவதற்குள் பூட்டிய அலமாரி, பதிவேடு, அடையாள அட்டை எண் என்று உயிரை வாங்கிவிடுவார்கள். குப்பியில் இருந்தது பத்து மில்லிகிராம். அவருக்கு ஐந்தே போதும். அதைப் போட்டேன். மிச்சத்தை இருவராக நின்று கொட்டி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். தாதி புஷ்பலதா சாட்சி நிற்க, நான் கொட்டினேன்.

அண்ணனின் மனைவி மங்களம் பாய்ந்து வந்தார்.

"ஐயோ, நல்ல மருந்த கொட்டுறீங்களே டாக்டர்! என் முட்டிவலிக்காச்சும் போடுங்கலா!"

"போட்டா என்னைப் புடிச்சு உள்ள வச்சிருவாங்க அக்கா," என்றேன் எரிச்சலாக. "அதுக்குத்தான் ரெண்டு பேர் கையெழுத்து."

"எங்க கல்யாணத்துக்கே ரெண்டு பேர்தான் சாட்சி போட்டாங்க!"

மருந்து வேலைசெய்யத் தொடங்கியிருந்தது. சீனி அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"ஆமா டாக்டர். ஆனா அதுல மிச்சத்த கொட்ட விடல."

புஷ்பலதா சுவர் பக்கம் திரும்பிக் குலுங்கிச் சிரித்தாள். வலி பத்துக்கு இரண்டு என்று எழுதினேன். மங்களம் அண்ணனின் காதைப் பிடித்துத் திருகினார்.

மூன்று என்று திருத்தினேன்.