திரும்பிப் போகும் கம்பி

செய்முறைத் தேர்வுக்கு இன்னும் பதினைந்து மணி நேரம் இருந்தது. சின்னவள் ஆய்வகத்தில் இதுவரை ஒரு சுவிட்சைக்கூடத் தொடவில்லை.

பாடம் தெரியாமல் இல்லை. மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை எல்லாம் தலைகீழாக ஒப்பிப்பாள். அம்மீட்டரைத் தொடரில் இணைக்க வேண்டும், வோல்ட்மீட்டரைப் பக்க இணைப்பில் வைக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் ஆய்வக மேசைக்கு முன்னால் நிறுத்தினால் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். மூன்று முறை அப்படியே நின்றுவிட்டு வந்திருந்தாள். இன்று காலை அறிவியல் டீச்சர் அவளுடைய அக்காவைக் கூப்பிட்டனுப்பினார்.

"நானும் சொல்லிச் சொல்லி ஓஞ்சுட்டேன்மா. நாளைக்கு மார்க் போட வெளியிலேருந்து ஆள் வராங்க. சும்மா நின்னா முட்டைதான். பத்தாம் வகுப்பை மறுபடி உக்காந்து படிக்க வேண்டியதுதான்" என்று கை கழுவிவிட்டார்.

அக்கா இயற்பியல் படித்தவள். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க மாட்டாள். டீச்சர் முன்னாலும் தலையைத் தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தாள். மாலையில் திரும்பும் வழியில் எலக்ட்ரிகல் கடையில் நின்று, டார்ச் பல்பு இரண்டு, ஹோல்டர் இரண்டு, சின்ன சுவிட்ச் இரண்டு, பேட்டரி செல், கொஞ்சம் வயர் வாங்கினாள்.

"உங்கப்பா மாதிரி ஜாக்கிரதையான ஆளுக்குப் போய் அப்படி ஆகணுமா?" என்றார் கடைக்காரர். எட்டு மாதமாக இதைத்தான் சொல்கிறார். அவள் அதற்கும் தலையை ஆட்டினாள்.

அப்பா வயர்மேன். 'மெயினை இறக்காம ஏணியில கால் வைக்கிறவன் வயர்மேனே இல்லை' என்று உதவிக்கு வருகிறவர்களைத் திட்டித் தீர்ப்பார். எட்டு மாதத்துக்கு முன்னால் சொந்த வீட்டுக் குளியலறை விளக்கைப் பார்க்க ஏறினார். உயிரோடு இறங்கவில்லை. குளியலறைக்கான ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அது இப்போது அலமாரியில், அவர் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா அதை எடுத்துக் காட்டுவாள்.

"ஃபியூஸையும் புடுங்கி, மெயினையும் அணைச்சுட்டுதான் ஏறினாரு. எங்கேருந்தோ வந்துடுச்சு. எங்க நேரம்."

அதற்கு மேல் அந்த வீட்டில் அந்தப் பேச்சு கிடையாது. அக்காவுக்கு மட்டும் ஒன்று தெரியும். அதை யாரிடமும் சொல்லாதே என்று அன்றைக்கே அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து அம்மா தையல் மெஷினின் மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காலால் மிதிக்கிறாள். சின்னவளோ விளக்கே போடுவதில்லை. பொழுது சாய்ந்தால் யாராவது வரும்வரை புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இருட்டிலேயே உட்கார்ந்திருப்பாள். இன்றும் அப்படித்தான் இருந்தாள். அக்கா உள்ளே வந்து விளக்கைப் போட்டாள். மேசையைத் துடைத்து, வாங்கி வந்ததைப் பரப்பினாள்.

"வாடி பொடிசு. கையை நீட்டு."

"வேணாம்."

"ஒண்ணரை வோல்ட்டுடி இது. எறும்புகூடச் சாகாது."

"நீ சொன்னா நம்பிக்கை வரமாட்டேங்குது. உன் குரலே லோ வோல்டேஜ்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு வயர் முனைகளைச் சீவினாள். இரண்டு பல்பு, ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச். பல்புகளைத் தாண்டியதும் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி, ஒரே வயராகச் செல்லுக்குத் திருப்பிக் கொண்டுபோனாள். சுவிட்சைத் தட்டியதும் பல்பு மஞ்சளாக எரிந்தது.

"இவ்வளவுதான். நீ ஒரு தடவை போடு."

சின்னவள் அசையவில்லை. அக்கா கெஞ்சினாள், மிரட்டினாள். கடைசியில் தங்கையின் விரலைப் பிடித்துச் சுவிட்சின் மேல் அழுத்தப் போனாள். சின்னவள் வீலென்று கத்திக் கையை உருவிக்கொண்டாள். நாற்காலி சரிந்து விழுந்தது.

பக்கத்து அறையில் மெஷின் ஒரு கணம் நின்றது. "அங்க என்னடி சத்தம்?"

"ஒண்ணுமில்லம்மா." மெஷின் மறுபடி ஓடியது. அக்கா தரையில் மண்டியிட்டாள். "உன் கால்ல வேணா விழறேன். நாளைக்கு ஒரே ஒரு தடவை, ஒரு விரல். அவ்வளவுதானே கேக்கறேன்?"

சின்னவள் பல்புகளைப் பார்த்தாள்.

"நான் தொட மாட்டேன். நீ போடு. நான் சொல்ற மாதிரி போடு."

"சரி."

"முதல் சுவிட்ச்."

முதல் பல்பு எரிந்தது. சின்னவள் அதைப் பார்க்கவில்லை. இரண்டாவது பல்பை, எரியாததை, குனிந்து பார்த்தாள்.

"அணைச்சுட்டு மறுபடி போடு." போட்டாள். "இன்னொரு தடவை."

"எரியறதைப் பாருடி, எரியாததை ஏன் பாக்கறே?"

"இதுக்குக் கொஞ்சம்கூடப் போகலையா?"

"போகாது. அதோட சுவிட்ச் அணைஞ்சில்ல இருக்கு."

"சத்தியமா?"

"சத்தியமா."

சின்னவளின் முகம் லேசாக இளகியது. முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை முன்னால் வந்தது. சுவிட்சுக்கு அரை அங்குலம் இருக்கும்போது நின்றது.

"அந்தக் கம்பி எதுக்கு?" விரல் மேசையின் மறுபக்கத்தைக் காட்டியது.

"அதா? ரெண்டுக்கும் பொது. கரண்ட் திரும்பிப் போற வழி. நம்ம வீட்டு நியூட்ரல் மாதிரி."

"அதைச் செல்லுலேருந்து கழட்டு. கழட்டிட்டு முதல் சுவிட்சைப் போடு."

அக்கா அப்படியே செய்தாள். பல்பு எரியவில்லை.

"பாத்தியா? வழி அறுந்தா ஓட்டம் இல்லை."

"அப்போ அந்தக் கம்பி முனையில ஒண்ணுமே இல்லையா?"

நல்ல கேள்வி. வகுப்பில் யாரும் கேட்காத கேள்வி. கேட்டதற்குப் பதில் சொல்கிற சந்தோஷத்தில் அக்கா யோசிக்கவே இல்லை.

"ஓட்டம்தான் இல்லை. அழுத்தம் இருக்கு. பல்பு வழியா வந்து முனையில நிக்குது. யாராவது தொட்டு வழி விட்டா அவங்க வழியா ஓடும். வீட்டு கரண்டா இருந்தா..."

சின்னவளின் கை மறுபடி முதுகுக்குப் பின்னால் போனது.

"அன்னைக்கும் எரியலைக்கா."

"எது?"

"இந்த ரூம் லைட்டு. புக் எடுக்க வந்தேன். சுவிட்சைப் போட்டேன், எரியலை. அணைச்சுட்டு மறுபடி போட்டேன். அப்பதான் ஏணி விழற சத்தம் கேட்டுது."

அக்கா அண்ணாந்து விளக்கைப் பார்த்தாள். அங்கிருந்து கிளம்பும் வயர்க் குழாய் சுவரில் ஏறி, குளியலறைக் கதவுக்கு மேலிருக்கும் ஜங்ஷன் பெட்டிக்குள் போகிறது. இரண்டு விளக்கின் நியூட்ரலும் அங்கே ஒரே முடிச்சு. அப்பா அந்த முடிச்சைப் பிரித்திருக்கிறார். டெஸ்டர் வைத்தும் பார்த்திருப்பார். அப்போது அதில் ஒன்றும் இருந்திருக்காது. இந்த அறைக்கு வேறு ஃபியூஸ்; சுவிட்சைப் போட்டதும் பல்பு வழியாக அந்த முனைக்கு வந்திருக்கிறது. எந்த வழியாக வந்தது என்று எட்டு மாதமாக அவள் யோசிக்காத நாளில்லை. பதில் இத்தனை நாளும் பக்கத்துப் பாயில் படுத்திருந்திருக்கிறது.

"இல்லடி. அது உன்னால இல்லை."

"பொய் சொல்லாத. இப்பதானே நீயே சொன்னே."

அக்கா செல்லைப் பிடுங்கிக் கையில் எடுத்தாள். "இதோ பாரு. செல் இல்லை. இப்போ ஆயிரம் தடவை போட்டாலும் ஒண்ணும் ஆகாது. சுவிட்ச் கரண்டை உண்டாக்காதுடி. அது வெறும் கதவு."

"எனக்கும் அதுதானே புரியலை!" சின்னவளின் குரல் உடைந்தது. "அப்பாதான் மெயினை அணைச்சிருந்தாரே! செல்லே இல்லை. ஆனாலும் வந்துச்சு. எங்கேருந்து வந்துச்சு? எல்லாத்தையும் யோசிச்சுப் பாத்துட்டேன்கா. பைத்தியக்காரத்தனம்னு எனக்கே தெரியுது. ஆனா மிச்சம் இருக்கறது என் கை மட்டும்தான்." இரண்டு உள்ளங்கைகளையும் அக்காவின் முன்னால் நீட்டினாள். "இதுல என்னமோ இருக்கு. நாளைக்கு நான் தொட்டு, டீச்சருக்கு ஏதாவது ஆயிட்டா?"

மெஷின் சத்தம் நின்றிருந்தது. வாசற்படியில் அம்மா. கழுத்தில் இஞ்ச் டேப், விரலில் ஊசி. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"போதும், எடுத்து வைங்க. சாப்பிட வாங்க" என்றாள். பெரியவளைப் பார்த்துத் தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்தாள். வேண்டாம். கண்கள் கெஞ்சின. அவளுக்குப் பின்னால் அலமாரியில் ஃபியூஸ் கட்டை, படத்தில் அப்பா.

நீட்டிய கைகளைச் சின்னவள் இன்னும் மடக்கவில்லை. அக்கா செல்லை மேசையில் வைத்துவிட்டு அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். பேசத் தொடங்கியபோது அவள் குரல், அவளுக்கே வியப்பாக, வீடு முழுக்கக் கேட்டது.

"மெயின் ஆன்லதான் இருந்துச்சு. அப்பா அதை இறக்கவே இல்லை. அவர் விழுந்த அப்புறம் ஓடிப்போய் இறக்கினது நான்."