பருத்தித்துறையில் கை நனைத்தவர்

பருத்தித்துறையில் மினிவானை விட்டு இறங்கிய மார்க்கண்டு, காலமை எட்டு மணிக்கே ஒரு வீட்டுப் படலையில் போய் நிற்பது மரியாதையில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். யாழ்ப்பாணம் பெரியகடையில் புடைவை விற்றுத் தலை நரைத்தவர். எந்த நொண்டிச் சாக்குப்போக்கையும் நல்ல பக்கம் வெளியே தெரிய மடித்துக் காட்டத் தெரியும்.

சொல்ல வந்தது ஒரேயொரு வரி. ஜேர்மனியில் இருக்கிற தம்பி தயாபரன், தும்பளை நமசிவாயத்தாரின் மகள் பத்மாசினியைக் கட்டமாட்டான். முந்தநாள் கடைக்குப் போன் எடுத்தவன், "அண்ணை, நான் இஞ்சை ஒருத்தியை எழுதிப்போட்டன். நீங்கள்தான் அங்கை பக்குவமாய்ச் சொல்லவேணும்," என்றான். கலியாண எழுத்து முடிந்து மாதக்கணக்காகிவிட்டதாம். அந்த மாதங்கள் முழுக்க மார்க்கண்டு இந்த வீட்டாரிடம், "தம்பி லீவு கேட்டிருக்கிறான், இந்தா வாறான்," என்று, அவன் சொல்லாததைத் தானாகவே சொல்லிக்கொண்டிருந்தார். இடையில் பிள்ளைக்கு வந்த வேறொரு நல்ல சம்பந்தத்தை, "ஏன் மாமா அவசரப்படுறியள்?" என்று கேட்டுத் தட்டிவிட்டவரும் அவரேதான்.

தும்பளை வீதியில், தெருவுக்கு மேலாகக் கூரை போட்ட தெருமூடி மடம் வரைக்கும் ஒழுங்காகத்தான் போனார். அதன் நிழலில் நின்றார். வெயிலில் வருகிறவனிடம் எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று கேட்காத கட்டடம். அந்தப் பெருந்தன்மையே தாங்கமுடியாமல் திரும்பிக் கடற்கரைக்கு நடந்தார். வழியில் தட்டை வடை ஒன்று வாங்கிக் கடித்தார். மொறுமொறு என்ற சத்தம் மனச்சாட்சியின் சத்தத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாய்க் கேட்டதால் இன்னொன்றும் வாங்கினார்.

எண்பத்துநாலு பங்குனிக் கடல், அலையைத் தடுக்கிற முருகைக்கற்களுக்கு இந்தப் பக்கம் குளம் மாதிரிக் கிடந்தது. தூரத்தில் நேவிப் படகொன்று புள்ளியாய் நின்றது. கரையில் நின்ற சனம் ஒரு கண்ணால் அதையும் மறு கண்ணால் மீனையும் பார்த்தது. மார்க்கண்டு, கப்பலுக்கு விளக்குக் காட்டும் வெளிச்சவீட்டை அண்ணாந்து பார்த்தார். ஜெற்றியில் கயிறு முறுக்குகிறவனைப் பார்த்தார். காய்கிற வலைகளை, ஏதோ வாங்கப்போகிறவர்போல, விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"ஐயா, மூண்டாந்தரம் இதாலை போறியள்," என்றாள் மீன் விற்கிற லூர்த்தம்மா. "மீன் பாக்கிறியளோ, பொம்பிளை பாக்கிறியளோ?"

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சும்மா ஊர் பாக்க வந்தனான்."

"பருத்தித்துறையிலை பாக்கிறதுக்கு என்ன கிடக்கு, காத்தோ? இந்த விளைமீனைப் பாருங்கோ. கண் முழிச்சுக் கிடக்கு."

"செத்தாப் பிறகும் முழிச்சுக் கிடக்கிறதை நம்பி வாங்கலாமோ?"

"மாதாவே! உந்த வாயாலை எத்தினை பேரைச் சுத்தியிருப்பியள்!"

அவள் ஒரு விலை சொல்ல இவர் சிரித்தார். இவர் ஒரு விலை சொல்ல அவள் அந்தோனியாரைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். இவர் நடந்தார், அவள் கூப்பிட்டாள். மறுபடி நடந்தார், மறுபடி கூப்பிட்டாள். அந்தக் கொஞ்ச நேரம் மார்க்கண்டு தம்பியையும் மறந்து, தும்பளையையும் மறந்து சந்தோசமாய் இருந்தார். கடைசியில் வென்றார். வென்றபிறகுதான், மினிவானில் யாழ்ப்பாணம் போய்ச் சேரமுன் நாறிப்போகிற ஒரு மீன் கையில் தொங்குவது விளங்கியது.

"மார்க்கண்டர்!" சைக்கிளைச் சரித்து நிறுத்தியவர் நமசிவாயத்தார், சுங்கக் கந்தோரில் வேலை பார்த்து இளைப்பாறியவர். "வெளிச்சவீட்டடியிலை நீங்கள் நிக்கிறதாய்ப் பெடியள் சொன்னாங்கள், நான் நம்பேல்லை. அட, மீனும் கையுமாய்! வெறுங்கையோடை வந்தால் நாங்கள் என்ன துரத்தியோ விடப்போறம்?"

அந்த ஒரு வரியைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மீன் பை சைக்கிள் கைபிடியில் ஏறிவிட்டது.

வீட்டில் நமசிவாயத்தாரின் மனைவி ஞானாம்பிகை மீனை வாங்கிக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். "வாங்கோ அத்தான்," என்று பத்மாசினி கதிரையை இழுத்துப்போட்டாள். பள்ளிக்கூட ரீச்சர், சிரித்தால் கண்ணும் சேர்ந்து சிரிக்கும். இன்றைக்குக் கண் சிரிக்கவில்லை.

மார்க்கண்டுவுக்கு ஒரு கடைப்பழக்கம். வாடிக்கையாளருக்குப் பிடிக்காததைச் சொல்லவேண்டிவந்தால் முதலில் இருத்தி, ஒரு சோடா உடைத்துக் கொடுப்பார். வயிறு குளிர்ந்தவன் குறைவாய்க் கத்துவான். இங்கேயும் சாப்பாடு முடியட்டும், ஆறுதலாய்ச் சொல்லலாம் என்று நினைத்து இலைக்கு முன்னால் இருந்தார். இங்கே சோடா குடிக்கப்போகிறது தான்தான் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

பழப்புளியும் தேங்காய்ப்பாலும் விட்ட குழம்பு. இரண்டாந்தரம் சோறு போடுகையில் நிமிர்ந்து பார்த்தார். ஞானாம்பிகை சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கை நனைச்சிட்டியள்," என்றாள். "எத்தினை தரம் கேட்டும் தேத்தண்ணியோடை எழும்பினனீங்கள். நாள் வைச்சாப் பிறகுதான் கை நனைப்பம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? இருங்கோ, அயலுக்கு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வாறன்."

மார்க்கண்டு இலையிலிருந்து கையை எடுத்தார். சம்பந்தம் சரிவரும்வரை மாப்பிள்ளை பகுதி பொம்பிளை வீட்டில் சோறு தின்னாது. தின்றால் சம்மதம். பேச வந்தவர் பேசாமலே நாள் வைத்துவிட்டார்.

கிணற்றடியில் பத்மாசினி செம்பால் கைக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

"காலமை தொடங்கி ஊர் சுத்தினனீங்களாம், அண்ணை."

அண்ணை. இவ்வளவு காலமும் அத்தான் என்று கூப்பிட்ட வாய். அத்தான் என்றால் அவள் வாழப்போகிற வீட்டு ஆள்; அண்ணை என்றால் வீதியால் போகிற எவரும்.

"பிள்ளை, நான்..."

"விளங்குது. நாள் கொண்டந்தவர் வெளிச்சவீட்டைப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கமாட்டார். அம்மா வேலியடிக்குப் போகமுன்னம் சொல்லிப்போடுங்கோ. பிறகு ஊருக்கெல்லாம் மறுமொழி சொல்லுறது நான்."

ஈரக் கையோடு மார்க்கண்டு வேலியடிக்கு ஓடினார். "செல்வநாயகி! எடி செல்வநாயகி!" என்று ஞானாம்பிகை ஏற்கனவே வேலிக்கு மேலால் எட்டிப் பக்கத்து வீட்டாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமி, நில்லுங்கோ. தம்பி அங்கை ஒருத்தியை எழுதிப்போட்டான். இனி வரான்."

ஞானாம்பிகை திரும்பவில்லை. வேலிக் கதியால் தடியைப் பிடித்தபடி நின்றாள். அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது: "என்ன ஞானம், கூப்பிட்டனீ?"

"ஒண்டுமில்லையடி. கறிவேப்பிலை இருக்கோ எண்டு கேட்டனான்."

கொஞ்சத்தில் வேலிக்கு மேலால் ஒரு கொத்தும், பின்னால் செல்வநாயகியின் முகமும் வந்தன. ஞானாம்பிகை கை நீட்டவில்லை. பக்கத்தில் நின்ற மார்க்கண்டுதான் வாங்கவேண்டியிருந்தது.

"ஆர், மாப்பிள்ளையின்ரை தமையனோ? எப்ப கலியாணம்?"

தன் கடைச் சரக்கில் ஒரு நூல் பிசகென்று அவர் இதுவரை ஒருவரிடமும் ஒத்துக்கொண்டதில்லை. கிணற்றடியில் பத்மாசினி செம்போடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கலியாணம் இல்லை, அக்கா," என்றார். ஊருக்கே கேட்கட்டும் என்று சத்தமாய்த்தான் சொன்னார். "எங்கடை பெடியன்தான் பழுது. பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை. பொய் சொல்லி மறிச்சு வைச்சதும் நான்தான்."

செல்வநாயகியின் முகம் வேலிக்குக் கீழே மறைந்தது. பத்மாசினி செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

கூட இருந்து சாப்பிட்ட நமசிவாயத்தார் எச்சில் கையோடு வாசலில் நின்றார். கோபம் இல்லாத குரலில், கந்தோரில் விவரம் கேட்கிறவர்போலக் கேட்டார்:

"அப்ப ஏன் மார்க்கண்டர் சாப்பிட்டனீங்கள்?"

கறிவேப்பிலைக் கொத்தை ஆரிடம் கொடுப்பதென்று தெரியாமல் மார்க்கண்டு நின்றார்.