எமில் சொல்ல மறுத்த செபம்

முள்ளிவாய்க்காலில் ஷெல் விழுந்து தங்கச்சி அற்புதமலர் செத்த செய்தி வந்த நாளிலிருந்து இராயப்பு கடவுளோடு கதைப்பதில்லை. லா சப்பல் தமிழ்க்கடைத் தெருக்கள் முழுக்க அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தான். ஆனால் கோயிலைக் கடக்கும்போது கை தன்பாட்டில் சிலுவை போடக் கிளம்பிவிடும். உடனே நெற்றியைச் சொறிவதுபோல நடிப்பான்.

“கோவிக்கிறது எண்டால் ஒழுங்காய்க் கோவியுங்கோவன். இப்பிடிச் சொறிஞ்சால் நெத்தியிலை புண்தான் வரும்” என்பாள் மனைவி மரியகொறற்றி.

ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் அவன் சமைக்கும் கடைக்குத் தினமும் தேத்தண்ணி குடிக்க வருபவர் எமில். எழுபத்தெட்டு வயது யூதர். அவருக்கு ஏழு வயதாக இருந்தபோது தாயையும் தகப்பனையும் திரான்சி முகாமில் அடைத்து, அங்கிருந்து கொலைமுகாமுக்கு ரயிலேற்றினார்கள். இருவரும் திரும்பவில்லை.

இராயப்புவின் பிரெஞ்சு சமையலறையைத் தாண்டாதது. கடவுளைத் திட்டினாலும் வெங்காயக்காரனைத் திட்டுவதுபோலத்தான் இருக்கும். எமிலுக்கு அது பிடித்திருந்தது.

2013 கோடையில் ஒருநாள் எமில் சொன்னார்: “நாளைக்கு என் அம்மா அப்பாவை ரயிலேற்றிய நாள். செத்தவர்களுக்காக எங்களிடம் கத்திஷ் என்று ஒரு செபம் இருக்கிறது. நான் ஒருநாளும் சொன்னதில்லை.”

“ஏன்?”

“அதில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முழுக்கக் கடவுளுக்குப் புகழ்ச்சி. என் அம்மாவைக் காப்பாற்றாதவரை நான் ஏன் புகழவேண்டும்?” கோப்பையைத் தள்ளிவைத்தார். “ஆனால் எனக்குப் பிறகு அவர்களை நினைக்க ஆளில்லை. கால் சரியில்லை. கூட வருவாயா?”

மறுநாள் காலை, தலையில் சின்னத் தொப்பியோடு இராயப்பு யூதர்களின் தொழுகைக்கூடத்தில் இருந்தான். அந்தச் செபத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டும். எமிலோடு சேர்த்து ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். இராயப்பு கை உயர்த்தினான். யூதர் மட்டும்தான் கணக்கு என்றார்கள், பணிவாக. கடவுளோடு பேசாதவனுக்கு, அவர் வீட்டில் தன்னை எண்ணவில்லை என்றதும் ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

ஒருவழியாகப் பத்தாவது ஆள் மூச்சிரைக்க வந்துசேர்ந்தார். எமில் எழுந்தார். ஒவ்வொரு புகழ்ச்சியையும் குற்றப்பத்திரிகைபோலப் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். பாதியில் நிறுத்தினார். “அம்மா” என்றார், செபத்தில் இல்லாத சொல். பிறகு மிச்சத்தையும் வாசித்து முடித்தார்.

எல்லோரும் “ஆமென்” என்றார்கள். இராயப்புவுக்குத் தெரிந்த ஒரே சொல் அது. நாலு வருஷம் அடக்கிவைத்த தொண்டை. மற்றவர்கள் ஓய்ந்தபிறகு, மன்னார்ப் பூசையில் பாடுவதுபோல நீட்டி முழக்கினான். பத்துத் தலைகளும் திரும்பின.

வெளியே வந்ததும் எமில் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “நம்பிக்கை வந்துவிட்டதோ?”

“இல்லை. உங்களுக்கு?”

“அவர் நல்லவர் என்று நான் இன்னும் ஒப்பவில்லை. ஆனால் என் குற்றச்சாட்டை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.”

வீட்டுக்கு வந்ததும் இராயப்பு மனைவியிடம் சொன்னான்: “மலருக்கு ஒரு பூசை குடுக்கவேணும்.”

“கோவம் தீந்துதோ?”

“ஆர் சொன்னது? அவளின்ரை பேர் அங்கை கேக்கட்டும். நானும் வருவன், ஆனால் முறைச்சுக்கொண்டுதான் இருப்பன்.”

மரியகொறற்றி பங்குச் சுவாமிக்குப் போன் எடுத்தாள்.