பஞ்சாலை பார்த்த வேம்பயர்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதையே இல்லை. பிரிட்டிஷ்காரர்களின் முதல் ஜெட் போர் விமானங்களைப் பற்றிய கட்டுரை. முதலில் மீட்டியோர், அடுத்து வேம்பயர், அந்த வேம்பயர் 1951-இல் சிங்கப்பூரிலிருந்து கிளம்பி மலாயாக் காடுகளின் மேல் பறந்தது என்று ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தேன். ரந்தாவ் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றின் மேல் விமானம் வந்தபோது, கீழே பஞ்சாலை என்ற ஒருத்தி அண்ணாந்து பார்த்தாள். அதோடு கட்டுரை போச்சு.

2.

முதல் வரி: "சின்ன வயதுக் காய்ச்சலில் பஞ்சாலைக்குக் காது போனது." (சோகமாகத் தொடங்குகிறது. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அடித்துவிட்டேன்.)

மறுபடியும்: பஞ்சாலை அந்த எஸ்டேட்டிலேயே நேர்த்தியாகப் பால்மரம் வெட்டுபவள்; மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் கீறிப் பால் இறக்குவாள். காது கேட்காது, வாயசைவைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் அந்தக் கோடியில் நின்று வம்பு பேசினாலும் அவளிடம் தப்ப முடியாது.

ஒரு திங்கட்கிழமை மலை நிரையிலிருந்து, அதாவது மலைமேல் தனக்கு ஒதுக்கிய மரவரிசையிலிருந்து, இறங்கி வந்தவள் பார்த்ததைச் சொன்னாள்.

"பிளேனுக்கு முன்னால சுத்துற காத்தாடியே இல்ல. வாலு ரெண்டு. நான் பார்த்தேன்லா!"

வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் சன்னாசியும் அன்று அண்ணாந்து பார்த்தவர்தான். இரைச்சல் வந்த பக்கம் வானம் காலியாக இருந்தது. [ஒரு குறிப்பு: ஜெட்டின் சத்தம் நம்மிடம் வந்து சேர்வதற்குள் ஜெட் தள்ளிப் போயிருக்கும். காது கேட்டவர்கள் எல்லாரும் சத்தத்தைத் தேடி ஏமாந்தார்கள்.]

"காதுதான் போச்சுன்னு பார்த்தா கண்ணும் போச்சா, புள்ள? கண்ணு தெரியாதவ வெட்டுனா மரத்துல காயம் பட்டுடும். நாளையிலேருந்து நீ புல்லு வெட்டப் போ" என்றார் சன்னாசி.

பஞ்சாலைக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. பதினோரு வருடமாக அவள் வெட்டுகிற மரங்கள் அவை.

3.

வேம்பயரின் முன்பக்க உடம்பு பிளைவுட் பலகையால் செய்தது. நிஜமாகத்தான். இதையும் பஞ்சாலை சொல்லியிருந்தால் புல் வெட்டக்கூட விட்டிருக்க மாட்டார்கள்.

அது எங்கே குண்டு போடப் போனதென்றால், கம்யூனிஸ்டு கொரில்லாக்கள் ஒளிந்திருந்த காட்டுக்குள்ளே…

இல்லை. அது வேறு கதை. அதில் சிரிக்க முடியாது.

4.

மறுநாள். அவசரகால இரவு ஊரடங்கு முடிந்து, விடிந்தபிறகு பெயர் கூப்பிடும் பெரட்டு. புல் வெட்டுகிறவர்கள் ஒரு வரிசை, பால் வெட்டுகிறவர்கள் ஒரு வரிசை. பஞ்சாலை கத்தியும் வாளியுமாகத் தன் பழைய வரிசையிலேயே நின்றாள். சன்னாசி அதட்ட வாய் திறந்தார். இடி மாதிரி இரைச்சல். பெரட்டு மொத்தமும் சத்தம் வந்த பக்கம் பார்த்தது. ஒன்றுமில்லை. பஞ்சாலையின் விரல் மட்டும் எதிரே குன்றைக் காட்டியது. சன்னாசி திரும்புவதற்குள் விமானம் போய்விட்டது.

ஜோடியாக வருபவை அவை. இரண்டாவது வந்தது. பஞ்சாலை மண்டோரின் தாடையைப் பிடித்துக் குன்றின் பக்கம் திருப்பினாள்.

(அந்தக் காலத்தில் ஒரு பெண் மண்டோரின் தாடையைத் தொடுவாளா? அந்த வரியை இரண்டு முறை அடித்தேன். மூன்றாவது முறையும் தொட்டாள். தொட்டுத் தொலையட்டும்.)

காத்தாடி இல்லை. வால் இரண்டு. அண்ணாந்த வேகத்தில் சன்னாசியின் தொப்பி விழுந்தது. பெரட்டே கைதட்டிச் சிரித்தது.

5.

சன்னாசி அவளிடம் ஏதோ சொன்னார். அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்ற தாயம்மாவுக்கே கேட்கவில்லை. எழுதுகிற எனக்கும் கேட்கவில்லை. பஞ்சாலை மட்டும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு தன் நிரைக்கு ஏறினாள். யாரும் தடுக்கவில்லை.

அவர் சொன்னது இதுதான்: "                              "

இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை வாயை நன்றாக அசைத்து ஒருமுறை சொல்லிப் பாருங்கள். தப்பாக இருந்தால் அவள் திரும்பி வந்து திருத்துவாள்.