பஸ்தியான் சொன்ன வார்த்தை

கை தட்டுகிறார்கள், இந்த ஆளுக்குக் கை தட்டுகிறார்கள், தட்டட்டும், இன்னும் பலமாகத் தட்டட்டும், தட்டி முடியட்டும், பிறகு என் முறை வரும் என்று நினைத்தபடி மக்டலின் தன் கைகளை மடிக்குள் சேலைத் தலைப்பால் மூடி வைத்திருந்தாள், பக்கத்தில் இருந்த றோசா, நீ ஏன் தட்டேல்லை என்பதுபோல் முழங்கையால் இடித்தாள், தட்டுவதா, இன்னாசிப்பிள்ளைக்கா... மேடையில் அவன் தொண்டையைச் செருமித் தண்ணீர் குடித்தான், வெள்ளை வெளேரென்று கோட்டு, கழுத்தில் மடித்த சால்வை, போன வருடம் வரைக்கும் இந்த ஊருக்கு விதானையாக, அரசாங்கம் வைத்த ஊர்த்தலைவனாக இருந்தவன், பென்சன் எடுத்த கையோடு கிராமச் சங்கத்துக்கு வாக்குக் கேட்கப்போகிறான் என்று கதை, அதற்குத்தான் இந்தச் சாயம். வாசிகசாலைக்காரர் மாம்புரி ஊர் முழுதும் ஒட்டிய கடதாசியில் ‘இலங்கை போன்ற சிறிய நாட்டுக்குச் சுதந்திரம் தேவையா?’ என்று போட்டிருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பள்ளிக்கூட மண்டபம், தலைமை பங்குச் சுவாமி, தேவை என்று பேசுபவர் இன்னாசிப்பிள்ளை. அந்தப் பெயரை றோசா வாசித்துக் காட்டிய நேரத்திலிருந்து மக்டலினுக்கு எட்டு நாளாகச் சோறு உருசித்தது. ஐந்து வருடத்தில் முதல் தடவையாக உருசித்தது.

“இவர்கள் போனால்தான் நாம் மனிதர்” என்றான் அவன் மேடையில், கையை உயர்த்தி. மண்டபம் மறுபடி அதிர்ந்தது. மக்டலின் நிமிர்ந்து உட்கார்ந்தாள்... சொல்லிவிட்டான், தன் வாயாலேயே சொல்லிவிட்டான், அது யாருடைய வார்த்தை, அந்த வார்த்தையைக் கழுவிக் கஞ்சி போட்டு மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். அவள் மனுசன் பஸ்தியான் அதை இப்படிச் சொல்லவில்லை. “இவனுகள் போனாத்தான் நாங்க மனிசர்” என்றார், நாற்பத்திரண்டாம் ஆண்டு சித்திரை, கொழும்பில் யப்பான்காரன் குண்டு போட்டு இரண்டு கிழமை, கரையெல்லாம் வெள்ளைக்காரப் பட்டாளத்து லொறி ஓடிய நாட்கள். கரைவலையை மணலில் விரித்துக் காயப் போட்டிருந்தார்கள், இவள் கஞ்சிப் பானையோடு அப்போதுதான் போய் நின்றாள், லொறி வந்தது, சுற்றிப் போக எவ்வளவு இடம், சுற்றிப் போகவில்லை, வலையின் நடுவே ஏறி மீன் சேரும் மடியைக் கிழித்துக்கொண்டு போயிற்று, சில்லில் நூல் சுற்றிக்கொண்டு கொஞ்சத் தூரம் வலையும் கூடவே இழுபட்டது, ஓட்டியவன் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்று மாதம் இருந்து பின்னிய மடி. பஸ்தியான் ஓடவில்லை, கத்தவில்லை, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்த ஒரு வார்த்தையைச் சொன்னார், அவ்வளவுதான். வலையிழுக்கும் பதினாலு பேர் நின்றார்கள். குடையோடு விதானையும் நின்றான், நின்று சிரித்தான், “பஸ்தியானுக்குக் கோவம் வந்திட்டுது” என்று சொல்லிச் சிரித்தான், கஞ்சியும் வாங்கிக் குடித்தான், தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தாளே, தேங்காய்த் துண்டும் வைத்துக் கொடுத்தாளே...

மூன்றாம் நாள் ஜீப் வந்தது. ஒரு வெள்ளைக்காரத் துரை, இரண்டு பொலிஸ்காரர், முன்னால் வழி காட்டிக்கொண்டு இன்னாசிப்பிள்ளை. அவன்தான் துரைக்கு இங்கிலீசில் சொன்னான். அவளுக்கு அந்தப் பாஷை விளங்காது, நடுவில் பஸ்தியான் பஸ்தியான் என்று பெயர் மட்டும் விழுந்தது, பிறகு பொலிஸ்காரன் தமிழில் கேட்டான், “இவனுகள் போனாத்தான் மனிசர் எண்டு சொன்னியாமே?” சொல் பிசகாமல் கேட்டான். பஸ்தியான் விதானையின் முகத்தைப் பார்த்தார், “ஓம், சொன்னனான்” என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாமே மனுசன், இல்லை என்ற ஒரு சொல்லுக்கு என்ன குறை... சண்டைக்காலம், ராசாவுக்கு எதிராகக் கதைத்தவன், அது போதும், ஜீப்பில் ஏற்றினார்கள். பதினாலு பேரில் ஒருவனும் வாய் திறக்கவில்லை. அல்பிரட், அவள் நோயில் கிடந்தபோது பெண்சாதியை அனுப்பி அரிசி கொடுத்த அல்பிரட், வேலிக்கு அங்கால் நின்று தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது இதோ மூன்றாம் வரிசை வாங்கில் இருக்கிறான், தலை நரைத்துப் போயிற்று, கை தட்டுகிறான். நாலு மாதத்தில் மறியல் சிறையில் காய்ச்சல் வந்து பஸ்தியான் செத்துப்போனார் என்று கடிதம் வந்தது, கடிதம் யாரிடம் வந்தது, விதானையிடம். அவனே கொண்டுவந்தான். அவள் வீட்டில் இருந்த ஒரே கதிரையில் குந்திக்கொண்டு வாசித்தான், தேத்தண்ணி கேட்டான், குடித்தான். உடலைக் கேட்டாள். அங்கேயே புதைத்தாயிற்று என்றான். அந்த மாரியிலேயே பஸ்தியானுடைய பாட்டில், அவர் தகப்பன் காலத்திலிருந்து வலை வளைத்த அந்தக் கரைத்துண்டில், இன்னாசிப்பிள்ளையின் மச்சானுடைய வலை இறங்கியது. வலையிழுக்க அதே பதினாலு பேர்.

இப்போது மற்றவர் எழுந்துவிட்டார், புத்தளத்திலிருந்து வந்த றவூப் பிரக்கிராசியார், வழக்குப் பேசுகிறவர், சுதந்திரம் வேண்டாம் என்று பேச வந்தவர், சிவப்புத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மெதுவாக, கோர்ட்டில் பேசுவதுபோல் பேசினார். உலகப் படத்தில் இந்த நாட்டை ஒரு பெருவிரலால் மறைத்துவிடலாம் என்றார். நமக்குக் கப்பல் உண்டா, பீரங்கி உண்டா, குண்டு விழுந்த அன்றைக்கு யார் சுட்டார்கள், நீங்களா நானா என்றார். சிலர் சிரித்தார்கள். “வெள்ளைக்காரன் எழும்பிப் போவான், சரி. அவன் குந்தியிருந்த கதிரை போகாது. அந்தக் கதிரையில் ஆர் ஏறிக் குந்துவான் எண்டு பார்த்தீங்களா?” என்று கேட்டுவிட்டு மேடையில் பக்கத்தில் இருந்தவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மக்டலினுக்கு அந்த மனுசனை எழுந்துபோய்க் கும்பிடவேண்டும்போல் இருந்தது... அப்படியானால் இவர் சொல்வது சரியா, அப்படியானால் பஸ்தியான் சொன்னது பிழையா, லொறி ஓட்டியவன் பக்கம் போய் நிற்கிறேனா நான்... அதெல்லாம் எனக்கு எதற்கு, நாடும் வேண்டாம் கொடியும் வேண்டாம், நான் வந்தது ஒரு கேள்வி கேட்க. அந்தக் கேள்வியை அவள் ஐந்து வருடமாகப் பழுதுபார்த்து வைத்திருந்தாள். கற்பிட்டிக்குக் கருவாடு உணத்தப் போகும் வழியில் சொல்லிப் பார்ப்பாள், நீளமாயிருக்கிறது என்று வெட்டுவாள், வெங்காயத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கும்போது ஒரு சொல்லை மாற்றுவாள். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமி, மன்னித்துவிட்டாயா மகளே என்று கேட்டார், ஓம் சுவாமி என்றாள், பொய், அந்தப் பொய்யோடு நாக்கில் நன்மை அப்பம் வாங்கப் பயந்து ஐந்து பாஸ்காவாக நன்மை வாங்காமல் பூசை கண்டுவிட்டு வந்தாள். ஊர் அவள் பக்தி குறைந்துவிட்டது என்றது. பக்தி குறையவில்லை. ஒவ்வொரு செபமும் இதற்குத்தான். இவன் சாகக்கூடாது ஆண்டவரே, படுக்கையில் நோகாமல் செத்துப்போய்விடக்கூடாது, எனக்கு இவன் நாலுபேர் முன்னால் நிமிர்ந்து நிற்கிற ஒரு நாளைக் கொடு.

கொடுத்துவிட்டார். “சபையில் ஆருக்காவது கேள்வி இருந்தால் கேக்கலாம்” என்று சுவாமி சொன்னார். முதலில் ஒரு வாத்தியார் அரிசி விலை பற்றி ஏதோ கேட்டார். பிறகு மக்டலின் எழுந்தாள். றோசா சேலையைப் பிடித்து இழுத்தாள், உதறினாள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்ததும் மண்டபம் திரும்பிப் பார்த்தது.

“விதானையார்” என்றாள்.  “இவர்கள் போனால்தான் மனிசர் எண்டு சொன்னீங்க. அதே கதையை என்ர மனுசன் கரையில சொன்னதுக்கு நீங்கதானே பொலிசைக் கூட்டிவந்து பிடிச்சுக் குடுத்தீங்க. அவர் மறியலில செத்தார். அண்டைக்குக் குற்றமாயிருந்த கதை இண்டைக்கு உங்கட வாயில எப்படி நல்ல கதையாச்சு?”

 வெளியே தென்னோலை உரசுவது கேட்டது. அவன் முகம் வெளுத்துப்போவதை அவள் கண்ணால் பார்த்தாள், இதுதான், இதற்காகத்தான், அல்பிரட் தலையைக் குனிந்துகொண்டான், றவூப் பிரக்கிராசியார் முன்னால் சாய்ந்தார், இந்த ஒரு நிமிஷத்தை உப்புப் போட்டுக் காயவைத்து ஆயுள் முழுதும் தின்னலாம் என்று நினைத்தாள்... இன்னாசிப்பிள்ளை எழுந்தான்.  மறுக்கப்போகிறான், கோபிக்கப்போகிறான் என்று அவள் காத்திருந்த எதையும் செய்யாமல், மெதுவாகச் சால்வையை எடுத்துக் கண்ணைத் துடைத்தான்.

“தங்கச்சி மக்டலின் கேட்டது நியாயம். ஓம். நான்தான் பிடிச்சுக் குடுத்தனான். இந்தச் சபையில ஒளிக்கமாட்டன். அண்டைக்கு நான் வெள்ளைக்காரன்ர உடுப்புக்குள்ள இருந்தனான், ஒரு அடிமை இன்னொரு அடிமையைக் காட்டிக்குடுத்தான். அதாலதான் சொல்லுறன், இந்த அடிமைத்தனம் வேண்டாம். எங்கட ஊரில சுதந்திரத்துக்காக உயிரை விட்ட முதல் மனிசன் பஸ்தியான். அவருக்காக எல்லாரும் ஒரு நிமிஷம் எழும்பி நிப்பம்.”

வாங்குகள் கிறீச்சிட்டன, எல்லாரும் எழுந்தார்கள், முன்வரிசை, ஆண்கள், பெண்கள், றோசா, அல்பிரட், சுவாமியும் எழுந்தார், எல்லாரும் எழுந்து நின்றதில் அவள் நின்றது தெரியாமல் போயிற்று. முன்னால் நின்ற ஒருவனுடைய முதுகு மறைத்தது. என்ன செய்துவிட்டான்... கரைப்பாட்டை எடுத்தான், மனுசனை எடுத்தான், அந்த வார்த்தையை எடுத்தான், இப்போது சாவையும் எடுத்துக்கொண்டானே, அழுதுகொண்டே எடுத்துக்கொண்டானே. இப்படி ஒரு பதில் இருக்கும் என்று ஐந்து வருடத்தில் ஒரு நாளாவது யோசித்தாளா, கேள்வியை மட்டும்தானே தீட்டினாள். பக்கத்தில் நின்றவள் மூக்கை உறிஞ்சினாள். எவளோ ஒருத்தி அவள் தோளைத் தடவினாள். ஒரு நிமிஷம் முடிந்து கை தட்டல் எழுந்தது, பதினாலு பேரில் எத்தனை பேர் அங்கே இருந்தார்களோ அத்தனை பேரும் பலமாகத் தட்டினார்கள், தங்கள் பங்கையும் இன்னாசிப்பிள்ளை சேர்த்துக் கழுவிக் கொடுத்துவிட்டதுபோல் தட்டினார்கள். அவள் இருக்கையில் விழுந்தாள்.

றவூப் பிரக்கிராசியார் விடவில்லை. எழுந்து அவளைப் பார்த்தே சொன்னார், “தங்கச்சி, நான் பயந்ததும் இதைத்தான். நாளைக்கு மேலிடத்தில வெள்ளைக்காரன் இல்லாட்டி, இப்படிப்பட்ட ஆக்களுக்கு எதிரா நீங்க ஆரிட்டப் போய் முறையிடுவீங்க?” நல்ல மனுசன், மனம் நொந்துதான் சொன்னார். ஆனால் அந்தக் கேள்வி அவளுக்குள் விழுந்த இடம் வேறு. முறையிட்டேனே, முறையிடாமலா இருந்தேன்... பஸ்தியானைப் பிடித்துக்கொண்டு போன அந்தக் கிழமையே வாத்தியாரைக் கொண்டு மனு எழுதி மேலே இருக்கிற துரைக்கு அனுப்பினாளே, ஒன்றல்ல, மூன்று மனு. மூன்றும் எங்கே வந்தன? ‘விசாரித்து அறிக்கை தருக’ என்று எழுதி, சிவப்பு மையில் கையெழுத்து வைத்து, மூன்றும் திரும்பி விதானையிடமே வந்தன. அவன் அவற்றை எடுத்துக்கொண்டு வந்து அவள் முற்றத்தில் நின்று, ஏன் வீண் வேலை என்று சிரித்தான். மேலே இருந்தவன் அவளுக்கா மேலே இருந்தான், இவனுக்குப் பின்னால் அல்லவா இருந்தான்... அதை நினைத்ததும் அவளுக்கு உள்ளே ஏதோ குளிர்ந்தது, ஐந்து வருடமாக எரிந்த இடத்தில் கூர்மையாக ஒரு குளிர். வெள்ளைக்காரன் போகட்டும். போகத்தான் வேண்டும். கப்பலேறிப் போகட்டும், ஜீப்பையும் லொறியையும் சிவப்பு மையையும் கொண்டுபோகட்டும், இவனை விட்டுவிட்டுப் போகட்டும். பின்னால் ஒருவரும் இல்லாமல் இவன் இந்தக் கரையில் தனியே எங்களோடு மிஞ்சட்டும். அழுகிறானா, அழட்டும், அன்றைக்கு யாரிடம் ஓடிப்போய் என்ன பாஷையில் சொல்வான் என்று பார்க்கிறேன். அவன் இந்த ஊரில் வாக்குக் கேட்டு ஒவ்வொரு வேலிப் படலையாக வரவேண்டும், என் படலைக்கும் வரவேண்டும், நான் உள்ளே இருந்துகொண்டு அவனை வெயிலில் நிற்கவைக்கவேண்டும்.

“சுதந்திரம் வேணும் எண்டிற ஆக்கள் கையை உயர்த்துங்க” என்றார் சுவாமி. மக்டலின் சேலைக்குள்ளிருந்து கையை எடுத்து உயர்த்தினாள், மீன்செதிள் வெட்டிய தழும்புகளோடு முழுதாக உயர்த்தினாள், றோசா ஆச்சரியமாகப் பார்த்தாள். மேடையிலிருந்து இன்னாசிப்பிள்ளை அந்தக் கையைக் கண்டான். மன்னித்துவிட்டாள் என்று நினைத்தான்போலும், முகம் இளகி, தன் இடக் கையை நெஞ்சில் வைத்துத் தலையைத் தாழ்த்தினான், வலக் கை உயர்ந்தபடியே இருந்தது. நினை, நன்றாக நினை என்று அவள் கண்ணை எடுக்காமல் அவனைப் பார்த்தாள். அல்பிரட்டின் கையும் உயர்ந்திருந்தது. பதினாலு கைகள்... எத்தனை என்று தெரியவில்லை, கைகளாகத் தெரிந்தன, எல்லாம் வலை பிடித்துக் காய்ப்பேறிய ஒரே மாதிரிக் கைகள். சுவாமி விரலை நீட்டி வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தார், றோசாவை எண்ணினார், அவளை எண்ணினார், மேடைப் பக்கம் திரும்பி அவனையும் எண்ணினார், நிறுத்தாமல், அடுத்தடுத்த இலக்கமாக. அப்போதுதான் அது அவளுக்கு வந்தது. நாங்க மனிசர் என்றாரே பஸ்தியான், அந்த ‘நாங்க’ யார்? தானும் அவளுமா, வலையிழுக்கிற பதினாலு பேருமா, குடையோடு நின்று சிரித்தவனும் அதற்குள்ளேயா? சொல்லும்போது மனுசன் யாரைப் பார்த்துச் சொன்னார்? நினைத்துப் பார்த்தாள், கரை வந்தது, வெயில் வந்தது, கஞ்சிப் பானையின் சூடு இடுப்பில் வந்தது, சொல் அச்சொட்டாக வந்தது, அவர் கண் எங்கே இருந்தது என்பது மட்டும் வரவில்லை, அந்த நேரம் அவள் கிழிந்த வலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுவாமி கைகளை இறக்கச் சொன்னார். எல்லாரும் இறக்கினார்கள். அவள் கை இன்னும் கொஞ்ச நேரம் மேலேயே இருந்தது.