நதிக்கு உன் எடை தெரியும்

படகுக்காரனின் பல்லைப் பார்த்ததும் முதலில் "சீ" என்றவள் மிர்த்தாதான்.

"பல்லைப் பாருங்க! குளியலறைச் சுவத்துல ஓடு பதிச்ச மாதிரி!"

"சட்டையை மாட்டச் சொல்லுங்க அவனை. ஆத்துக் காத்துல நெஞ்சு சளி கட்டப் போகுது."

"புத்தகத்துல அவனுக்கு எழுபது வயசு. வாயில ரெண்டே பல்லு. பக்கத்துல போனா சேத்து நாத்தம் அடிக்கும். இவன் என்னடான்னா செண்ட் விளம்பரத்துக்கு வந்தவன் மாதிரி நிக்கிறான்."

ரொசாரியோ நகரின் தென்பகுதியில், பேட்டைக்காரர்கள் கூடும் எங்கள் கழகத்தின் பின்கூடம் அது. ஞாயிறு மாலை ஆறு மணி. நாற்பது பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, சுவரில் கட்டிய வெள்ளைப் படுக்கை விரிப்பில் 'ஏழு துறைகள்' தொலைக்காட்சித் தொடரின் ஆறாம் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாத்தே தேநீர்க் குடுவை கை மாறிக்கொண்டிருந்தது. கடந்த ஐந்து வாரங்களும் இப்படித்தான்: கூடிப் பார்ப்பது, கூடிக் காறித் துப்புவது. பார்க்காமல் இருக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை. பார்த்தால்தானே திட்ட முடியும்.

எழுபது வருடங்களுக்கு முன் மார்லிங் என்ற ஆங்கிலேயப் பெண்மணி எழுதிய ஐந்து புத்தகங்கள்தான் 'ஏழு துறைகள்'. புவெனோஸ் அயர்ஸில் ஒரு சின்னப் பதிப்பகம் அவற்றை எங்கள் மொழியில் பெயர்த்து, மஞ்சள் அட்டையில் கொண்டுவந்தது. பஸ்ஸிலும் பள்ளிக்கூட மேசைக்கு அடியிலும் வைத்து அவற்றைப் படித்து வளர்ந்த நாங்கள் எங்களை 'மஞ்சள்காரர்கள்' என்று சொல்லிக்கொள்வோம். நான் வேலை பார்க்கும் நாளிதழ், தொடரைப் பற்றி மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று அரைப் பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தது. நான் நடுநிலையாளன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஐந்து மஞ்சள் புத்தகங்களும் என் வீட்டிலும் இருக்கின்றன.

"ஆறு ஏன் இப்படி நீலமா இருக்கு?" என்றாள் நெலிடா. "ஆறா இது? ஓட்டல் நீச்சல் குளம்."

"துடுப்பு எங்கப்பா?"

"துடுப்பு இல்லியாம். மந்திரத்துல போகுதாம்."

"கருமம்."

"அவன் கயிறு கட்டுறதைப் பாரு," என்றாள் நெலிடா மறுபடி. "அந்த முடிச்சுல ஆட்டுக்குட்டி கூட நிக்காது."

நெலிடா சொன்னால் அதில் அப்பீல் கிடையாது. அவள் கணவன் அனிபால், பரானா ஆற்றில் தீவுகளுக்குப் போகும் பயணிப் படகை முப்பத்தோரு வருடம் ஓட்டியவன். அவள் இன்றும் அதே படகுத்துறையில் சீட்டுக் கொடுக்கிறாள்.

என் பக்கத்தில் இருந்த எவாரிஸ்தோ வாத்தியார் மெல்லிய குரலில் சொன்னார்: "ஒண்ணு சொல்லட்டுமா? ஆறு பழுப்பு நிறம்னு புத்தகத்துல எங்கயுமே இல்ல. நாமதான் நம்ம ஆத்துத் தண்ணியை ஊத்திப் படிச்சுட்டோம்."

மிர்த்தா திரும்பினாள். மருந்துக் கடை வைத்திருப்பவள். யாருக்கு எங்கே வலிக்கும் என்று அறிந்தவள். "வாத்தியாரே, நீங்க எந்தக் கட்சி? முப்பது வருஷம் இங்கிலீஷ் சொல்லிக் குடுத்ததுல அவங்க ஆளாவே ஆயிட்டீங்களா?"

அதற்குள் அந்தக் காட்சி வந்துவிட்டது.

இலென் என்ற பெண் ஏழாம் துறையில் இறங்கும் காட்சி. அங்கே இறங்கியவர் திரும்புவதில்லை. மூன்றாம் புத்தகத்தில் அந்தக் கிழட்டுப் படகுக்காரன் வழி நெடுக ஒரு வார்த்தை பேசாமல் வந்து, அவள் காலை எடுத்து வைக்கும்போது சொல்வான்: "இறங்கு. நதிக்கு உன் எடை தெரியும்." அவ்வளவுதான். அந்த வரியில் நிறுத்தி, ஜன்னல் வழியே வெளியே பார்க்காத மஞ்சள்காரர் கிடையாது. நாற்பது வாய்களும் அந்த வாக்கியத்தை அவனோடு சேர்ந்து சொல்லத் தயாராக இருந்தன.

படகுக்காரன் தன் ஓட்டுப் பற்களைக் காட்டிச் சொன்னான்: "பலகை வழுக்கும். பார்த்து."

திரை இருண்டு பெயர்கள் ஓடத் தொடங்கின.

பிறகு எழுந்த சத்தத்தை அப்படியே பத்திரிகையில் போட முடியாது. தொத்திறைச்சி வைத்த ரொட்டித் துண்டு ஒன்று பறந்துபோய் விரிப்பில் மோதி, எண்ணெய்த் தடம் விட்டுக் கீழே விழுந்தது. "பலகை வழுக்குமாம்! மாநகராட்சி அறிவிப்பா இது?" என்று ஒருவர் கத்தினார். மிர்த்தா வெளியே போய் நிஜமாகவே காறித் துப்பிவிட்டு வந்தாள்.

நெலிடா மட்டும் கத்தவில்லை. மடியில் இருந்த கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அதைத் தூக்கிட்டாங்க," என்றாள். என் பக்கம் திரும்பி, "தூக்கிட்டாங்க, ஒல்லி," என்றாள்; என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

பைக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். பொறிப்புக்காரர் எழுதிக் கொடுத்த காகிதம். அனிபால் போன நவம்பரில் செத்துப்போனான். இறந்தோர் நாளான நவம்பர் இரண்டுக்குள் அவன் கல்லறையில் வெண்கலத் தகடு பதிக்க வேண்டும். அனிபாலின் பெயர், தேதிகள், அதற்குக் கீழே மேற்கோள் குறிக்குள் அந்த வரி, அதற்கும் கீழே மார்லிங்கின் பெயர். வெள்ளிக்கிழமைக்குள் சரி என்று சொன்னால் எழுத்து வெட்டத் தொடங்குவார்.

அந்த வரி அனிபாலின் வரியாகவே ஆகியிருந்தது. குண்டான பயணி படகில் ஏறத் தயங்கினால், "ஏறுங்க சீமாட்டி, நதிக்கு உங்க எடை தெரியும்," என்பான். படகே சிரிக்கும். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் நாற்பத்தைந்து கிலோவாகச் சுருங்கிக் கிடந்தபோது, தராசில் நிறுத்த வந்த நர்சிடமும் அதையேதான் சொன்னான்.

"என் பேரப்பசங்க இந்தக் கண்றாவியைத்தான் பார்ப்பாங்க," என்றாள் நெலிடா. "புத்தகத்தைத் தொட மாட்டாங்க. நாளைக்குக் கல்லறையில வந்து நின்னு, இது யாரு சொன்னது, தொடர்ல இல்லியேன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்ல? அந்த வரியைத் திரும்ப வைக்கச் சொல்லணும். தொடர் எடுத்தவங்களுக்கு மனு எழுதுவோம்."

அங்கேயே எழுதினோம். நாற்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அதை ஆங்கிலத்தில் ஆக்கி, மூல நூலில் அந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்து அனுப்புவது வாத்தியாரின் பொறுப்பு.

புதன்கிழமை அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நூலக முத்திரை போட்ட ஆங்கிலப் புத்தகத்தை என் மேசையில் வைத்தார்.

"அந்த வரி இல்ல."

"எது?"

"நதியும் இல்ல, எடையும் இல்ல. இந்த இடத்துல கிழவன் என்ன சொல்றான் தெரியுமா? 'பலகை வழுக்கும். பார்த்து.' தொடர்ல வந்தது வார்த்தை பிசகாம அதேதான். இதுக்கு முன்னாடி பதினஞ்சு பக்கம் துறைச் சுங்கக் கணக்கு. உப்புக்கு எவ்வளவு, தோலுக்கு எவ்வளவுன்னு. நாம படிச்ச படகுப் பயணம் இதுல கிடையவே கிடையாது."

"நீங்க இதை ஆங்கிலத்துல படிச்சதே இல்லியா?"

அவர் முகம் சிவந்தது. "பன்னெண்டு வயசுல மஞ்சள்ல படிச்சேன். அப்புறம் இங்கிலீஷ் வந்துச்சு, ஆனா தொடல. தொட்டா மஞ்சள் போயிடுமோன்னு பயம். இப்ப போயிடுச்சு."

மொழிபெயர்ப்பாளர் லிசார்தோ கெஸ்லருக்கு எண்பத்தெட்டு வயது. தொலைபேசி எண் கிடைக்க ஒரு மணி நேரம் ஆனது. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் இருமிக்கொண்டே பேசினார்.

"மூணாவது புத்தகமா? ஆமா, எனக்குக் குடுத்த பிரதியில நடுவுல ஒரு கட்டே இல்ல. பதினாறு பக்கம். பதிப்பாளர்கிட்ட கேட்டேன். திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது, எதையாவது எழுதி நிரப்புன்னான். நிரப்பினேன்."

"நதிக்கு உன் எடை தெரியும். அதை நீங்கதான் எழுதினீங்களா?"

"எழுதியிருப்பேன். ஞாபகம் இல்ல. அந்தப் புத்தகங்களே எனக்குப் பிடிக்காது தம்பி. ஒரே துறை, ஒரே சுங்கம், ஒரே மூடுபனி. இப்ப தொடரும் எடுக்கிறாங்களாமே? தூ."

வியாழக்கிழமை மதியம் வாத்தியாரும் நானும் படகுத்துறைக்குப் போனோம். நெலிடா சீட்டுக் கூண்டுக்குள் இருந்தாள். கூண்டின் ஓட்டை வழியாக வாத்தியார் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். நடுவில் மூன்று பேருக்குச் சீட்டுக் கொடுத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அப்ப அது யாரோடதுமில்ல," என்றாள் கடைசியில்.

"கெஸ்லரோடது," என்றேன்.

"அவருக்கே ஞாபகம் இல்லங்கிறீங்க."

அப்போது படகு கரையை ஒட்டியது. புதிய ஓட்டுநர் பலகையைப் போட்டுவிட்டு, இறங்குகிறவர்களைப் பார்த்துக் கத்தினார்: "பலகை வழுக்கும், பார்த்து! பார்த்து!"

வாத்தியார் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். வகுப்பில் விடை கிடைத்த மாணவனைப் போல இரண்டு கையையும் விரித்தார். "நெலிடா! கேட்டீங்களா? அனிபாலும் தினம் அதைத்தானே சொல்லியிருப்பான்? முப்பத்தோரு வருஷம்! அப்ப மார்லிங் எழுதினதுதான் அவனோட நிஜமான வார்த்தை. தகட்டுல அதைப் போடலாம். ரெண்டும் பொருந்துது பாருங்க, எவ்வளவு அழகா..."

நெலிடாவின் முகத்தில் ஞாயிற்றுக்கிழமை திரையைப் பார்த்தபோது வந்த அதே சுளிப்பு வந்தது.

"வாத்தியாரே, வாயைக் கழுவிட்டு வாங்க. அதை அவன் சம்பளத்துக்குச் சொன்னான். சொல்லலேன்னா யாராவது விழுந்து முதலாளி அவனைத் துரத்தியிருப்பான். ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்லித் தொண்டை கட்டி வீட்டுக்கு வந்து, எங்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டான். செத்த பிறகும் அவனை வேலை செய்யச் சொல்றீங்களா?"

வாத்தியார் விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கால்சட்டைப் பைகளில் விட்டுக்கொண்டார்.

"நகருங்க," என்றாள். "பின்னாடி ஆள் நிக்கிறாங்க."

அன்று மாலை கழகத்தில் அவசரக் கூட்டம். விரிப்பில் எண்ணெய்த் தடம் அப்படியே இருந்தது, யாரும் துவைக்கவில்லை. வாத்தியார் மூலத்தையும் மஞ்சளையும் மாற்றி மாற்றி வாசித்தார். ஞாயிற்றுக்கிழமை தொடர்மேல் இருந்த அருவருப்பு, வாசித்து முடிப்பதற்குள் ஆள் மாறி கெஸ்லர்மேல் போய் உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதே முகங்கள், அதே சுளிப்பு.

"திருட்டுப் பய! நாப்பது வருஷமா நம்மளைக் கள்ளச் சரக்கு குடிக்க வெச்சிருக்கான்," என்றாள் மிர்த்தா. தன் மூன்றாம் புத்தகத்தை எடுத்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் சொருகினாள். மேசை ஆட்டம் நின்றது. சிலர் கைதட்டினார்கள். மனு வாபஸ் என்று முடிவானது.

பிறகு மிர்த்தா நெலிடா பக்கம் திரும்பினாள். குரலில் நிஜமான அக்கறை இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நல்லவேளைடி, இன்னும் தகட்டுல ஏறல. கள்ள வரியைப் போய் அவன் தலைமாட்டுல பொறிச்சிருப்பே. பைபிள்ல இருந்து ஏதாவது பார்த்துப் போடு. அதுல யாரும் கைவெச்சிருக்க மாட்டாங்க."

நெலிடா எழுந்தாள். மேசையின் விளிம்பைத் தூக்கி, காலடியில் இருந்த மஞ்சள் புத்தகத்தை உருவி, அட்டையைப் பாவாடையில் துடைத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மேசை மறுபடி சாய்ந்தது. மிர்த்தாவின் கோப்பை உருண்டு வெர்முத் மது தரையில் கொட்டியது.

"ஆஸ்பத்திரியில அவன் அந்த நர்ஸ்கிட்ட சொன்னப்ப நீ இருந்தியா?" என்றாள்.

"இல்ல."

"மார்லிங் இருந்தாளா?"

கைப்பையை மூடிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அவளோடு பொறிப்புக்காரரிடம் போனேன். கட்டுரைக்காக அல்ல; அவள் கூப்பிட்டாள். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு காகிதத்தை வாங்கினார்.

"இதேதானே? மாத்தம் இல்லியே?"

"கீழ இருக்கிற பேரை எடுத்துடுங்க."

"மார்லிங்கையா?" அவர் சிவப்புப் பென்சிலால் அடித்தார். "வேற பேர் போடணுமா?"

"வேண்டாம்."

"பேர் இல்லாம மேற்கோள் நின்னா, யாரு சொன்னதுன்னு பார்க்கிறவங்க கேப்பாங்களே அம்மா."

நெலிடா பென்சிலை அவர் கையிலிருந்து வாங்கினாள். வரியின் தொடக்கத்தில் இருந்த மேற்கோள் குறியை அடித்தாள். முடிவில் இருந்ததையும் அடித்தாள். அனிபாலின் பெயருக்கு நேர் கீழே அந்த வரி மட்டும் நின்றது.

"இப்ப கேக்க மாட்டாங்க," என்றாள்.