மஞ்சள் மழைக்கோட்டின் கைப்பை

1

இந்தக் கதை ஒரு தொலைக்காட்சிச் செய்தியிலிருந்து பிறந்தது. எங்கோ ஓர் அரசாங்கத்தை எதிர்த்து மக்கள் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் தலையிலும் ஒரே மாதிரித் தொப்பி. "இது அந்நியச் சதி" என்றார் ஓர் அதிகாரி. எனக்கு அவருடைய வீட்டுக்குள் எட்டிப்பார்க்க ஆசை வந்தது. குடும்பக் கதை எழுதுகிறவளுக்கு வேறென்ன ஆசை வரும்?

முதலில் இப்படித் தொடங்கினேன்: "புரட்சியின் செந்நெருப்பு அந்த நகரத்தின்..." வேண்டாம். எனக்குப் பழக்கமெல்லாம் அடுப்பு நெருப்புதான்.

2

அமைச்சரின் மேசை முழுக்கப் புகைப்படங்கள். கொட்டும் மழையில் சதுக்கத்தை விட்டு நகராத மாணவர்கள். எல்லோர் மேலும் மஞ்சள் மழைக்கோட்டு. (தொப்பியை மழைக்கோட்டாக்கியது நான்தான். காரணம் இருக்கிறது.)

"ஒரே துணி, ஒரே வெட்டு. முழங்கைக்குக் கீழ சின்னதா பை பாத்தீங்களா? வயர்லெஸ் வைக்கத்தான். வெளிநாட்டு ட்ரெய்னிங்!" என்றார் அமைச்சர், எதிரே நின்ற தன் செய்தித் தொடர்பாளரிடம். "சாயங்காலம் டிவியில அடிச்சுப் பேசுங்க. தச்சவன் எவனா இருந்தாலும் உள்ள தள்ளிடுவோம்."

செய்தித் தொடர்பாளர் ஒரு படத்தை எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். அந்தப் பை வயர்லெஸ்ஸுக்கானதல்ல. மழையில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எங்காவது தொலைத்துவிடும் ஒரு மனிதருக்காக, அவர் மனைவி யோசித்து வைத்த பை. அந்த மனிதர் அவர்தான்.

3

மதியம் மனைவியின் தையல் கடைக்கு ஓடினார்.

"நீயா தச்ச?"

"பின்ன? பிள்ளைங்க நனையுதுங்க. கூடாரத் துணி மிச்சம் கிடந்துச்சு."

"கையில பை எதுக்குடி வச்ச?"

"உங்க மழைக்கோட்டுக்கு வெட்டின அளவு அட்டைதாங்க இருந்துச்சு. அதை வச்சு வெட்டினேன், பையும் கூடவே வந்துடுச்சு."

"அது வயர்லெஸ் பையாம்."

அவள் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டுச் சிரித்தாள். "உங்க கண்ணாடிக்கு வந்த வாழ்வைப் பாருங்க!"

"சிரிக்காத. சாயங்காலம் அதைச் சொல்லப்போறதே நான்தான். சொன்னா, தேடிக்கிட்டு உன்கிட்டதான் வருவாங்க."

சிரிப்பு நின்றது. "சொல்லலைன்னா?"

"என் வேலை போகும். வேற ஒருத்தன் சொல்லுவான்."

"வேற ஒருத்தன் சொன்னா தாங்கிக்குவேன். நீங்க சொன்னா..."

(மனைவி என்ன தைக்கிறாள் என்று கணவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று என் கணவர் கேட்டார். "நான் போன மாசம் என்ன கதை எழுதினேன்?" என்றேன். பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.)

4

முதல் முடிவில், அமைச்சர் எழுதிக்கொடுத்ததை அவர் டிவியில் படித்தார். கடைக்குப் போலீஸ் வண்டி வந்தது. அதைக் கிழித்துப்போட்டேன். இரண்டாவதில் வேலையை உதறிவிட்டு, மஞ்சள் கோட்டோடு சதுக்கத்துக்கு நடந்தார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது, அதனால்தான் சந்தேகம் வந்தது. மனைவியை எப்படிக் காப்பாற்றுவது என்று அந்த நடைக்குத் தெரியவில்லை.

ஆகவே, அவரை ஸ்டுடியோவில் உட்காரவைத்திருக்கிறேன். ஒளிபரப்பு விளக்கு எரிகிறது.

"இவங்களுக்குப் பின்னால இருக்கிறது யாரு?" என்று கேட்கிறாள் செய்தி வாசிப்பவள்.

அவர் வாய் திறக்கிறார். உண்மையைச் சொன்னால் சதிக் கதை அந்த நிமிடமே பொடிப்பொடியாகும். ஆனால் மனைவியை ஊரறியக் காட்டிக்கொடுத்தவரும் அவரேயாவார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் நான் அவருடைய குடித்தனத்துக்கு வெளியே நிற்கிறவள். நீங்கள் உங்கள் குடித்தனத்துக்குள் இருக்கிறீர்கள்; அவர் இடத்தில் என்ன சொல்வீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கடையில் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அவள் டிவி முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் காதில் விழப்போகிற வார்த்தையை நீங்கள் சொல்லுங்கள்.